நயோஷ் அறிக்கைகள்: ஓசியில் கிடைக்கும் ஏணிப் பாடம்

ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ என்று ஊருக்கு ஊர் போர்டு வைத்திருக்கிறார்கள். ஃபீஸ் எத்தனை ஆயிரம் என்பதை விடுங்கள், அதில் ஏணிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று படித்து வந்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள். "75 டிகிரியில் சாய்க்கணும் சார், மூணு பிடிமானம் இருக்கணும் சார்." அவ்வளவுதான். எரிகிற வீட்டில் ஏணியை எந்தப் பக்கம் வைப்பது, ஏன் அங்கே, எப்போது வைக்கவே கூடாது என்று அடுத்த கேள்வி கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். தொழிற்சாலைகளில் அவசரகாலக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை என்பதால் இந்தப் பையன்கள் பலர் என்னிடம்தான் வந்து சேருகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது நயோஷ் அறிக்கைகளை. தமிழில் இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் இந்த விமர்சனம்.

நயோஷ் (NIOSH) என்பது அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கீழ் வருவது. 1998 முதல் ஒரு வேலை செய்து வருகிறார்கள்: பணியில் இருக்கும்போது தீயணைப்பு வீரர் யாராவது இறந்தால், அந்த இடத்துக்கு ஆள் அனுப்பி, கூட இருந்தவர்களிடம் பேசி, ரேடியோ பதிவைக் கேட்டு, கட்டட வரைபடத்தைப் பார்த்து, என்ன நடந்தது என்று நிமிடக் கணக்கில் எழுதி இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். எல்லா மரணத்தையும் எடுப்பதில்லை, தேர்ந்தெடுத்துத்தான் விசாரிக்கிறார்கள். காசு கிடையாது, பதிவு கிடையாது, எந்த அறிக்கையின் பிடிஎஃப் வேண்டுமானாலும் தரவிறக்கிக் கொள்ளலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், யார் மேல் தப்பு என்று இவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை. இறந்தவர் பெயரைக்கூடப் போடுவதில்லை. 'கேப்டன்', 'தீயணைப்பு வீரர்' என்று பதவியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வழக்கு, இழப்பீடு, சஸ்பென்ஷன் என்ற பயம் இல்லாததால்தானோ என்னவோ, உடன் இருந்தவர்கள் மனம் விட்டுப் பேசியிருப்பது படிக்கும்போதே தெரிகிறது.

புதிதாகப் படிப்பவர்கள் எஃப்2008-09 என்ற எண்ணில் தொடங்குங்கள். 2008 ஏப்ரலில் ஓஹியோ மாநிலத்தில் ஒரு சாதாரண வீடு. தீ அடித்தளத்தில். உள்ளே போன பெண் கேப்டனும் உடன் இருந்த வீரரும் தரைத்தளம் இடிந்து அடித்தளத்துக்குள் விழுந்து இறந்துபோனார்கள். மேலே நிற்கிறவனுக்குத் தெரிவது கார்பெட்டும் சோபாவும்தான். காலுக்குக் கீழே எரிகிறது என்பதைத் தரை சொல்லாது. இந்த அறிக்கையைப் படித்துவிட்டு பொருள்களை எரித்துச் சோதிக்கும் அமெரிக்காவின் யுஎல் ஆய்வகத்தின் சோதனை முடிவைப் பார்த்தால் இன்னும் திக்கென்று இருக்கும். பழைய பாணி கட்டை மரச் சட்டத்தில் போட்ட தரை அவர்கள் உலையில் 18 நிமிடம் சொச்சம் தாங்கியது. இப்போது அமெரிக்க வீடுகளில் போடும் மெல்லிய ஐ வடிவ மரச் சட்டம், கீழே சீலிங் போர்டு ஏதும் இல்லாமல் வைத்தபோது, 6 நிமிடம் அளவில் விழுந்துவிட்டது. ஆறு நிமிடம் என்றால் என்ன? யாரோ புகையைப் பார்த்து, போன் போட்டு, வண்டி கிளம்பி, தெருவுக்குள் திரும்புகிற நேரம். வீரன் கதவைத் திறந்து உள்ளே கால் வைக்கும்போது தரையின் ஆயுள் ஏற்கெனவே முடிந்திருக்கலாம்.

சரி, இதில் ஏணி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் மண்டையில் ஏறும். நாம் ஏணியை மேலே ஏறுவதற்கான சாமான் என்று நினைக்கிறோம். இவர்கள் எழுத்தில் ஏணி என்பது முக்கால்வாசி நேரம் இறங்குவதற்கான சாமான். உள்ளே ஆள் போய்விட்டானா, மாடியில் ஆள் இருக்கிறானா, உடனே வெளியே இருப்பவன் அந்த மாடி ஜன்னலுக்கு ஒரு ஏணியைச் சாய்த்துவிட வேண்டும், யாரும் கேட்பதற்கு முன்பே. கூரை மேல் ஆள் ஏறினால் அவன் ஏறிய ஏணி ஒன்று, கூரையின் இன்னொரு பக்கம் இரண்டாவது ஏணி ஒன்று. ஏறிய வழிக்கும் அவனுக்கும் நடுவில் கூரை விழுந்தால் அவன் எங்கே போவான்? அப்புறம் இன்னொன்று, யாரோ வைத்த ஏணியை இன்னொருவன் அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் மேலே இருப்பவனுக்கு ரேடியோவில் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். கேட்கும்போது சின்ன விஷயம். புகைக்குள் தவழ்ந்து வந்து ஜன்னலுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டுத் துழாவுகிறவனுக்குச் சின்ன விஷயம் இல்லை.

நியூயார்க் அறிக்கை, எஃப்2005-03, இதைச் சொல்வதில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 2005 ஜனவரி 23, பிராங்க்ஸ் பகுதி, முந்தின நாள் பனிப்புயல். அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஆறு வீரர்கள் மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்குள் அனுமதி இல்லாமல் தடுப்புச் சுவர் போட்டு அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்ததால், அவசரப் படிக்கட்டுக்குப் போகிற வழியே அடைபட்டிருந்தது. ஆறு பேரும் ஜன்னல் வழியாகத்தான் வெளியேறினார்கள். இரண்டு பேர் அன்றே இறந்தார்கள், மற்ற நால்வருக்கும் படுகாயம், அதில் ஒருவர் பல வருடம் வலியோடு வாழ்ந்து 2011-இல் இறந்தார். ஒரே ஒருவர் கையில் மட்டும் கயிறு இருந்தது, அதுவும் அவர் சொந்தக் காசில் வாங்கியது. ஏனென்றால் துறை கொடுத்திருந்த தனிநபர் கயிறுகளை 2000-ஆம் ஆண்டு வாக்கில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்! இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கொக்கியோடு கூடிய புதுக் கயிற்று அமைப்பை எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஓஹியோ வீடு மாதிரி இது இடிந்து விழுந்த கட்டடம் இல்லை, உண்மைதான். ஆனால் உள் தடுப்பு எப்படி ஆளைக் கொல்லும், ஜன்னலுக்கு வெளியே ஒரு வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. நம் ஊர் மேன்ஷன்களையும் பிஜி ஹாஸ்டல்களையும் நினைத்துக்கொண்டே படியுங்கள்.

பால்டிமோர் சம்பவத்தையும் தேடிப் பாருங்கள். 2022 ஜனவரி 24, ஆள் இல்லாத பாழடைந்த வரிசை வீடு ஒன்று, தீயணைக்க உள்ளே போனவர்கள் மேல் இடிந்து விழுந்து மூன்று பேர் இறந்தார்கள், நான்காவது ஆள் உயிரோடு மீட்கப்பட்டார். அதே வீடு 2015-இல் ஒருமுறை எரிந்து, அப்போதே மூன்று வீரர்கள் காயம்பட்டிருந்தார்கள். ஒருமுறை எரிந்த வீடு இரண்டாம் முறை எரியும்போது அது அதே வீடு இல்லை. உத்தரம் பாதி கரியாகி இருக்கும், சுவர் மழையில் ஊறி இருக்கும், நடுவில் யாராவது கம்பியையும் கதவையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். உள்ளே காப்பாற்ற ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற ஒரே கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் உள்ளே போவதா வெளியிலிருந்து தண்ணீர் அடிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும் என்பதை நயோஷ் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதுகிறது. சலிப்பு தட்டும். ஆனால் அவர்கள் திரும்ப எழுதுவதற்குக் காரணம், திரும்பத் திரும்ப அதே மாதிரி சாகிறார்கள் என்பதுதான்.

அறிக்கைகள் தவிர தனியாக எச்சரிக்கைக் கையேடுகளும் போட்டிருக்கிறார்கள். கட்டட இடிபாடு பற்றி 1999-இல் வந்தது சில பக்கங்கள்தான், அதைப் படித்தாலே போதும் என்பவர்கள் அங்கே ஆரம்பிக்கலாம். இடிந்து விழுகிற கட்டடத்தைச் சுற்றிச் சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆளே நிற்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. 10 மீட்டர் சுவர் என்றால் 15 மீட்டர். இப்போது ஏணிக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். ஏணி எட்டுகிற உயரத்தில் நாலில் ஒரு பங்கு தூரத்தில் அடிக்கால் இருக்க வேண்டும். அதே 10 மீட்டர் சுவருக்கு ஏணியின் கால் சுவரிலிருந்து இரண்டரை மீட்டரில் நிற்கிறது. அங்கே அடிக்காலை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். ஏணியில் ஒருவன் இருக்கிறான். இரண்டு பேரும் அபாய வட்டத்தின் நட்ட நடுவில். அதாவது சுவர் போகப்போகிறது என்ற அறிகுறி தெரிந்த பிறகு ஏணியைச் சாய்ப்பது என்பது பாதுகாப்பு முறை இல்லை, சூதாட்டம். ஏணியெல்லாம் அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும், அந்த நேரத்தில் மேலே இருப்பவர்களை இறக்கிவிட்டு எல்லோரும் விலக வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் போட்டுக் காட்டினால் பையன்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். டிப்ளமோ பாடத்தில் இரண்டும் வேறு வேறு அத்தியாயத்தில் இருப்பதால்தான் யாருக்கும் இது தோன்றுவதில்லை.

ஏணியின் நுனி எங்கே இருக்க வேண்டும் என்பதும் வேலையைப் பொறுத்தது. ஜன்னல் வழியாக ஆளை இறக்க என்றால் நுனி ஜன்னலின் அடிக்கட்டைக்குச் சரியாகவோ கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும், உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் வெளியே வருகிறவனுக்கு அதுவே முட்டுக்கட்டை. கண்ணாடியை உடைத்துப் புகையை வெளியேற்ற என்றால் ஜன்னலுக்குப் பக்கவாட்டில், காற்று வருகிற பக்கம். கூரைக்கு என்றால் விளிம்புக்கு மேல் நாலைந்து படி தெரிய வேண்டும், புகையில் தேடி வருகிறவன் கண்ணில் பட. முடிந்தவரை கட்டடத்தின் மூலைக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. இரண்டு சுவர் சேருகிற இடம், நடுச்சுவரைவிடக் கடைசிவரை நிற்க வாய்ப்பு அதிகம்.

இனிக் குறைகள். முதல் குறை பெரிய குறை. இது அமெரிக்க வீடுகளுக்கு எழுதியது. மரச் சட்டம், ஜிப்சம் போர்டு, சரிவுக் கூரை, கிரில் இல்லாத ஜன்னல். நம் வீட்டு ஜன்னலை நினைத்துப் பாருங்கள். சுவரில் பதித்த இரும்புக் கம்பி, அதற்கு மேல் அலங்கார கிரில், அதற்கும் மேல் கொசுவலை. ஏணியை ஜன்னலுக்கு அழகாகச் சாய்த்துவிட்டு என்ன செய்வது, கம்பிக்கு நடுவே கை குலுக்கவா? கட்டர் மெஷினோடு ஒருவன் ஏணியில் நின்று அறுக்க வேண்டும், அதுவரை உள்ளே இருப்பவர் தாங்க வேண்டும். ஜன்னலுக்கு மேலே இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு வேறு. இரண்டாவது மாடி ஜன்னலுக்கு ஏணி வைக்கப் போனால் முதல் மாடி சன்ஷேடில் இடிக்கும், கோணம் கெடும். சன்ஷேடு மேலேயே சாய்க்கலாமே என்பார்கள். பழைய வீட்டில் சன்ஷேடின் கம்பி துருப்பிடித்து சிமெண்ட் உதிர்ந்து தொங்குவதைக் கீழே நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் கைப்பிடிச் சுவர். நாலரை அங்குலச் செங்கல் சுவர், பல வீடுகளில் எந்தத் தூணோடும் சேராமல் சும்மா அடுக்கி வைத்தது, ஏணியின் தலை அதன் மேல்தான் சாய வேண்டும். எங்கள் பயிற்சிக்கு வருகிற ஓய்வுபெற்ற முன்னணி தீயணைப்போர் ஒருவர் இருக்கிறார், ஏணியைத் தூக்கும் முன் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கத்தை அண்ணாந்து நோட்டம் விடுவார், பூச்சில் கிடைமட்டமாக ஒரு கோடு ஓடுகிறதா என்று. ஓடினால், "வேணாம் தம்பி, இது ஏணிக்கு முன்னாடி தானே வந்துரும்" என்று இடத்தை மாற்றச் சொல்வார். இந்த மாதிரி விஷயம் எதுவும் நயோஷில் கிடைக்காது. தெருவும் அப்படித்தான். 10.5 மீட்டர் அலுமினிய எக்ஸ்டென்ஷன் ஏணியை முழுதாக நீட்டினால் அடிக்கால் சுவரிலிருந்து இரண்டரை மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும், ஆனால் பழைய ஊர்ச் சந்துகளில் எதிர் வீட்டுத் திண்ணையே அதற்குள் வந்துவிடும். தலைக்கு மேலே மின்கம்பி, கேபிள், இன்டர்நெட் ஒயர். அலுமினியம் மின்சாரம் பாயும் உலோகம், கம்பியிலிருந்து 3 மீட்டராவது விலகி இருக்க வேண்டும் என்கிறது விதி. அந்தச் சந்தில் 3 மீட்டருக்கு எங்கே போவது? மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏணியைத் தூக்க வேண்டும், அதற்கு ஒருவனைத் தனியாக போனும் கையுமாக நிறுத்த வேண்டும்.

நம் கட்டடங்கள் விழுகிற விதமும் வேறு. 2020 தீபாவளியன்று அதிகாலை மதுரையில் பழைய கட்டடம் ஒன்றில் இருந்த ஜவுளிக் கடையில் தீ. அணைத்துக்கொண்டிருக்கும்போதே கட்டடம் இடிந்து விழுந்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 2015 மே 9 அன்று மும்பை கல்பாதேவியில் கோகுல் நிவாஸ் என்ற பழைய குடியிருப்பு, அதுவும் தீயின் நடுவே சரிந்தது. இரண்டு அதிகாரிகள் அங்கேயே போனார்கள், தலைமைத் தீயணைப்பு அதிகாரியும் அவருடைய துணை அதிகாரியும் பிறகு மருத்துவமனையில் இறந்தார்கள். ஒரு பெருநகரத் தீயணைப்புத் துறையின் தலையே ஒரு வீட்டுத் தீயில் போய்விட்டது. தேக்கு உத்தரம், அதன் மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம், தாங்குவது எல்லாம் சுவர்தான், தூண் கிடையாது. இப்படிப்பட்ட வீட்டில் உத்தரம் எரிந்து அறுந்தால் தளம் மட்டும் விழாது, சுவரையும் நெம்பிக்கொண்டு விழும். இரும்பு கர்டர் போட்ட வீடு என்றால் இன்னொரு கூத்து, 10 மீட்டர் கர்டர் 500 டிகிரி சூடேறினால் ஆறு சென்டிமீட்டர் நீளும், அந்த ஆறு சென்டிமீட்டரும் சுவரை வெளியே தள்ளும். ஏணி சாய்ந்திருக்கிற அதே சுவரை.

ஜவுளிக் குடோனில் தண்ணீரே எமன். ஒரு ஹோஸில் நிமிடத்துக்கு 450 லிட்டர் அடிக்கிறோம் என்று வையுங்கள், பத்து நிமிடத்தில் நாலரை டன். அவ்வளவும் பீஸ் கட்டுகள் உறிஞ்சிக்கொண்டு மாடியிலேயே உட்கார்ந்திருக்கும். உள்ளே போகிற தண்ணீருக்கு ஏற்ப வாசலிலும் படிக்கட்டிலும் தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் மேலே எடை ஏறுகிறது என்று அர்த்தம். சுவர் வயிறு தள்ளுவது, செங்கல் இடுக்கு வழியே புகை கசிவது, கதவு திடீரென்று நிலையில் இறுகிக்கொள்வது, பூச்சு பொலபொலவென்று உதிர்வது, இதையெல்லாம் பார்க்க வெளியே ஒருவன் வேலை வெட்டி இல்லாமல் நிற்க வேண்டும், அவனுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை நயோஷ் அறிக்கைகள் பாதுகாப்பு அதிகாரி என்ற பெயரில் ஒவ்வொரு தடவையும் சொல்கின்றன. அங்கேயும் ஆள் பற்றாக்குறை என்று சாக்கு சொல்லித்தான் விடுகிறார்கள் போல.

கான்கிரீட் கட்டடம் என்றால் கவலை இல்லை என்று பேசுகிறவர்களுக்கு ஒரு வரி: 2017 மே 31 அன்று தி.நகரில் தீப்பிடித்த சென்னை சில்க்ஸ் கட்டடம், அடுத்த நாள் அதிகாலை முன்பகுதி சரிந்து விழுந்தது. பல மாடிக் கான்கிரீட். மரம் அரை மணியில் விழும், கான்கிரீட் கிட்டத்தட்ட ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மதுரை பற்றியும் கல்பாதேவி பற்றியும் நான் படித்ததெல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான். எத்தனை மணிக்கு என்ன சத்தம் கேட்டது, யார் எங்கே நின்றார்கள், ஏணி எந்தப் பக்கம் இருந்தது, பின்வாங்கு என்று சொல்லப்பட்டதா என்பதெல்லாம் நயோஷ் பாணியில் எழுதி ஒரு பிடிஎஃப் ஆக வந்திருந்தால் அதுதான் நம் பையன்களுக்கு முதல் பாடமாக இருந்திருக்கும். மாலை போட்டு, நிவாரணம் அறிவித்து, ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளில் இரண்டு நிமிடம் நின்று முடித்துக்கொள்கிறோம். ஓஹியோவில் ஒரு வீட்டுத் தரை விழுந்த கதை எனக்கு நிமிடக் கணக்கில் தெரிகிறது, மதுரையில் நடந்தது தெரியவில்லை என்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

மற்ற குறைகள் சின்னவை. இணையதளத்தில் தேடுவது பெரும்பாடு. ஏணி என்று தேடினால் ஏணி வண்டி, ஏணி கம்பெனி என்று எல்லாம் வந்து விழும், ஏனென்றால் அங்கே ஒரு குழுவின் பெயரே லேடர் கம்பெனி. அறிக்கை வெளிவர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அளவெல்லாம் அடி, பவுண்டு, ஃபாரன்ஹீட். பரிந்துரைப் பகுதி ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம், அதைத் தாண்டிக் கால வரிசையையும் வரைபடத்தையும் மட்டும் படித்தாலே பாதி லாபம்.

அறிக்கைகளில் அடிக்கடி வருகிற என்எஃப்பிஏ (அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம்) தர எண்களையும் கவனியுங்கள். அந்த அறிக்கைகள் வந்த காலத்தில் 1931 என்பது ஏணி எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதாகவும், 1932 என்பது எப்படிப் பயன்படுத்தி, பராமரித்து, சோதிக்க வேண்டும் என்பதாகவும் இருந்தன. அங்கே தீயணைப்பு ஏணியின் பக்கச் சட்டத்தில் சின்ன வெப்ப ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 149 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நிறம் மாறிவிடும், மாறினால் அந்த ஏணியை ஓரம் கட்டிவிட்டுப் பளு சோதனை முடிந்த பிறகுதான் மறுபடி எடுக்கலாம். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும், ஆனால் அது பலம் இழக்க அவ்வளவு சூடு தேவையில்லை, வெளியே பார்க்க ஒன்றும் ஆகாத மாதிரியே இருக்கும். நம் பக்கம் தீயணைப்பு ஏணிக்கு ஐஎஸ் 4571 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. ஆனால் பல கம்பெனிகளில் ஹார்டுவேர் கடையிலிருந்து வந்த, பெயின்டருக்கான ஏணியைச் சிவப்பு அடித்து மாட்டி வைத்திருக்கிறார்கள். கையால் ஒரு படியைப் பிடித்து முறுக்கிப் பாருங்கள், ரிவெட் கிர்ரென்று பேசும். மேல் பகுதியைத் தூக்கும் கயிற்றை விரலால் நெருடினால் நார் பொடியாக உதிரும். லாக் கொக்கியில் பெயின்ட் இறுகி ஸ்பிரிங் வேலை செய்யாது. அதில் ஒருவனை ஏற்றி அனுப்ப எப்படி மனம் வருகிறது?

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்றைக் குறைப்பது கிரில்லுக்கும் சன்ஷேடுக்கும். படிக்க வேண்டியவர்கள் தொழிற்சாலை அவசரக்குழு, அடுக்குமாடிச் சங்கத்தில் பாதுகாப்புப் பொறுப்பு எடுத்தவர்கள், தீயணைப்புத் துறைத் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள். ஆங்கிலம் தடுமாறினால் வரைபடத்திலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டின் நாலு பக்கத்தையும் ஏ, பி, சி, டி என்று குறித்திருப்பார்கள், தெருப்பக்கம் ஏ, அங்கிருந்து கடிகாரச் சுற்றில். ஏணி எந்தப் பக்கம், ஆள் எந்தப் பக்கம் விழுந்தார் என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் எழுத்துக்குப் போகலாம்.

ஒன்று மட்டும் அவசரமாகச் செய்யுங்கள். 2025 ஏப்ரலில் நயோஷில் பெரிய ஆள்குறைப்பு நடந்தபோது இந்த விசாரணைப் பிரிவும் அதில் மாட்டியது. அரசாங்கத் தளம், இன்று இருக்கும் லிங்க் நாளை இருக்குமா என்று நம்ப முடியாது. ஓஹியோ 2008, நியூயார்க் 2005, 1999 இடிபாட்டுக் கையேடு, 2005-இல் வந்த ட்ரஸ் (முக்கோணச் சட்டம்) கூரைக் கையேடு, இந்த நாலையும் முதலில் இறக்கி போனில் சேமித்து வையுங்கள். எண்ணைப் போட்டுத் தேடினால் நேராக வந்துவிடும், தளத்தின் தேடல் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.